நியமம் தவறா ஓட்டவீரர் எரிக் லிடல்

பெரியோரின் சரித்திரங்களைப் படிக்குங்கால் அவர் எந்நாட்டினர், எச்சமயத்தினர் என்று பார்த்து ஒதுக்குதல் நம் மரபன்று. நற்குணம் எங்கே உளதோ அங்கே சென்று அதனைக் கொள்ளுதலே அறிவுடையோர் செயலாகும். ஆதலின், இம்மலரிலே ஸ்கொத்லாந்து தேசத்து விளையாட்டு வீரரும், கிறிஸ்தவ மிஷனரியுமாகிய எரிக் லிடல் என்பாரின் வாழ்க்கையை இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்கத் துணிந்தோம்.

மிஷன் பாடசாலையிற் பயின்ற நம்போன்றோருக்கு இவர் பெயர் புதிதன்று. ஆனால் அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கதையே. உலகப் புகழ் வாசலில் வந்து நின்றபோது, ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று மறுத்த அந்த ஒரு நாளோடு கதை முடிந்துவிடுகின்றது. அதன் பின்னும் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பதும், அவ்வாழ்விலே மற்றொரு ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்பதும் பலர் அறியாதவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இம்மனிதரை நாம் அறிந்தவராக மாட்டோம்.

பிறப்பும் இளமையும்

எரிக் லிடல் 1902ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆந் திகதி வடசீனத்திலுள்ள தியன்சின் நகரிலே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் லிடல், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த பாதிரியார். தாயார் மேரி. அந்நியருக்கு எதிராக 1900ஆம் ஆண்டிலே சீனத்தில் மூண்ட பொக்சர் கிளர்ச்சி அடங்கிச் சிறிது காலமே ஆகியிருந்தது. சியாவோசாங் என்னும் நாட்டுப்புறத்திலே பெற்றோர் ஊழியஞ் செய்ய, தமையனார் ரொபேட்டுடன் மண்ணிலே விளையாடி வளர்ந்தார் எரிக்.

ஆறு வயதிலே அவ்விளமை முடிந்தது. மிஷனரிமாரின் புதல்வருக்கென்று லண்டனில் நடந்த விடுதிப் பாடசாலை ஒன்றிலே சகோதரர் இருவரும் சேர்க்கப்பட்டனர். அப்பாடசாலையே 1912ஆம் ஆண்டில் இடம் மாறி எல்தம் கல்லூரி எனப் பெயர் பெற்றது. பெற்றோர் சீனம் திரும்பினர். பின்னர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் விடுமுறையில் வருங்காலத்தன்றித் தாய் முகத்தையோ தந்தை முகத்தையோ பிள்ளைகள் கண்டிலர். கடமைக்காகக் குடும்பம் பிரிந்திருத்தல் என்பதை எரிக் ஏட்டிலே படிக்கவில்லை. சிறு பிராயத்திலேயே அநுபவித்து அறிந்தார். தாம் தந்தையான காலத்திலும் அவ்விதி அவரை விட்டகலவில்லை.

கல்லூரியிலே அவர் கூச்சமுள்ள, அதிகம் பேசாத பையன். மைதானத்திலோ வேறொருவர். கிரிக்கெட், றக்பி ஆகிய இரண்டிலும் கல்லூரி அணிக்குத் தலைமை தாங்கினார்.

சர்வகலாசாலை நாட்கள்

1920ஆம் ஆண்டில் எரிக் எடின்பரோ சர்வகலாசாலையிலே விஞ்ஞானங் கற்கச் சேர்ந்தார். மறு ஆண்டு நடந்த சர்வகலாசாலை விளையாட்டுப் போட்டியிலே 100 யார் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். அன்று தொடங்கியது அவருடைய ஓட்டக்காலம். தொம் மக்கேர்ச்சர் என்னும் பயிற்சியாளர் அவரைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்.

ஸ்கொத்லாந்து தேசிய றக்பி அணியிலும் அவருக்கு இடங் கிடைத்தது. 1922, 1923 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஏழு சர்வதேசப் போட்டிகளிலே அவர் விங் ஆட்டக்காரராக ஆடினார். பந்து கைக்கு வந்ததும் எதிரணியினர் திரும்பிப் பார்க்குமுன் கோட்டைத் தாண்டும் வேகம் அவரிடம் இருந்தது. எனினும் ஒலிம்பிக் போட்டி நெருங்கியதும் றக்பியை விட்டு ஓட்டத்திலேயே கருத்தைச் செலுத்தினார்.

அவர் ஓடும் அழகைப் பற்றிச் சொல்வதானால், அழகு என்ற சொல்லே பொருந்தாது. தலை பின்னே சாய்ந்துவிடும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றை அடிப்பதுபோல வீசும். ஓட்ட நூல்கள் விலக்கிய குற்றங்கள் எல்லாம் அவ்வோட்டத்தில் இருந்தன. ஆயினும் நாடாவை முதலில் தொடும் மார்பு அவருடையதே.

போட்டிக்கு முன் எதிராளிகள் ஒவ்வொருவரிடமும் சென்று கைகொடுத்து வாழ்த்துவது அவருடைய வழக்கம். அக்காலத்திலே ஓட்டத் தொடக்கத்தில் கால் ஊன்றுவதற்கு வீரர்கள் ஓட்டப்பாதையில் சிறு குழி தோண்டிக்கொள்வர். எரிக் தம் சிறு மண்வெட்டியைத் தோண்ட வசதியில்லாத எதிராளிக்குக் கொடுத்து உதவுவார். தோற்கடிக்கவேண்டியவனுக்கே உதவுகின்ற இக்குணத்தைச் சிலர் பேதைமை என்று எண்ணியிருக்கலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

1923ஆம் ஆண்டு அவருக்கு இரண்டு வகையிலே முக்கியமானது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலே ஆர்மடேல் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரிலே, நண்பர் தொம்சனின் வேண்டுகோட்கிணங்கி, முதன்முறையாகப் பொதுக்கூட்டத்திலே தம் சமயப்பற்றைப் பற்றிப் பேசினார். கூச்சமுள்ள அவர் அதற்கு உடன்பட்டதே பெரிய காரியம். பின்னர் யூலை மாதத்திலே, லண்டனில் நடந்த தேசிய மெய்வல்லுநர் போட்டியில் 100 யார் தூரத்தை 9.7 செக்கன்களில் ஓடினார். அந்தப் பிரித்தானியச் சாதனை பல ஆண்டுகள் நிலைத்து நின்றது.

அதே மாதத்தில் ஸ்ரோக் நகரிலே இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்குமிடையே போட்டி நடந்தது. 440 யார் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே பிறரொருவர் மோதி எரிக் புல்லிலே விழுந்தார். எழுந்து பார்க்கையில் மற்றவர்கள் சுமார் 20 யார் முன்னே சென்றுவிட்டனர். விட்டுவிட்டு நடந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். அவர் எழுந்தார், ஓடினார், முதலாவதாக வந்து சேர்ந்தார், முடிவுக்கோட்டிலே மயங்கி வீழ்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

1924ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி பாரிஸ் மாநகரிலே நடப்பதாயிருந்தது. 100 மீற்றர் ஓட்டத்தில் பிரித்தானியாவின் நம்பிக்கை எரிக் மீதே தங்கியிருந்தது. அட்டவணை வெளிவந்தது. 100 மீற்றர் ஆரம்பச் சுற்றுக்கள் யூலை 6ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை.

எரிக் ஓடமாட்டேன் என்றார். ஞாயிறு இறைவனுக்குரிய நாள் என்பது அவர் வளர்ந்த நெறி. 100 மீற்றர் மாத்திரமன்று. ஞாயிற்றுக்கிழமையில் வந்த அஞ்சலோட்டங்களையும் அவர் விட்டார். அதிகாரிகள் வற்புறுத்தினர். பத்திரிகைகளிலே கண்டனங்கள் வந்தன. நாட்டுப்பற்று இல்லாதவர் என்று ஏசினாரும் உளர். அவர் எவரையும் திருப்பி ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஓடும் பிற வீரர்களைப் பாவிகள் என்று பழிக்கவும் இல்லை. தமக்கு விதித்த விதியைத் தாம் காத்தார், அவ்வளவே.

1981ஆம் ஆண்டிலே வெளிவந்து நான்கு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்ற சாரியட்ஸ் ஒஃப் ஃபயர் என்னும் திரைப்படம் இக்கதையை உலகெங்கும் பரப்பியது. அப்படத்திலே, கப்பலேறும் வேளையிலேதான் எரிக் இச்செய்தியை அறிவதாகக் காட்டப்படுகின்றது. உண்மை அதுவன்று. பல மாதங்களுக்கு முன்னரே அவர் அறிந்திருந்தார். நம் கருத்திலே உண்மைதான் படத்தினும் பெரியது. ஒரு கணத்து உணர்ச்சியிலே செய்த மறுப்பன்று அது. மாதக்கணக்காக ஏச்சையுங் கேட்டுக்கொண்டு, மனத்தை மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தும் மாற்றாது நின்ற மறுப்பு. மேலும், அவர் சும்மா இருந்துவிடவில்லை. தமக்குப் பழக்கம் குறைந்த 400 மீற்றர் ஓட்டத்துக்கு அம்மாதங்களிலே பயிற்சி எடுத்தார். ஒன்றைத் துறந்தவர் மற்றொன்றை உழைத்துத் தேடினார்.

நானூறு மீற்றர்

யூலை 7ஆந் திகதி 100 மீற்றர் இறுதி ஓட்டத்திலே பிரித்தானியரான ஹரல்ட் ஏப்ரகாம்ஸ் வெற்றி பெற்றார். 9ஆந் திகதி 200 மீற்றர் ஓட்டத்திலே அமெரிக்கரான ஷோல்ஸ், பாடொக் ஆகியோருக்கு அடுத்ததாக எரிக் மூன்றாமிடம் பெற்று வெண்கலப் பதக்கம் வென்றார்.

400 மீற்றர் இறுதி ஓட்டம் 11ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. முந்திய சுற்றொன்றிலே சுவிற்சர்லாந்து வீரர் இம்பாக் 48.0 செக்கன்களில் ஓடியிருந்தார். அரையிறுதியில் அமெரிக்கரான ஃபிச் அதனையும் வென்று 47.8 செக்கன்களில் ஓடினார். அவ்வாண்டு பிரித்தானியப் போட்டியிலே எரிக் 440 யார் ஓட எடுத்த நேரமோ 49.6 செக்கன். போதாக்குறைக்கு அவருக்குக் கிடைத்தது கடைசி வெளிப்புறப் பாதை. அதில் ஓடுவோன் தன் பின்னே வருவோரைக் காணமுடியாது; எவ்வளவு வேகம் போதும் என்று அளந்து ஓட இயலாது.

அன்று காலை அணியின் உடல்பிடிப்பாளர் ஒருவர் வேதவாக்கியம் எழுதிய சிறு கடதாசித் துண்டொன்றை அவரிடம் கொடுத்தார். மாலையிலே மைதானத்தில் ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவொன்றின் பைப் வாத்தியம் முழங்கியது. துப்பாக்கி வெடித்தது. அளந்து ஓட இயலாதவர் அளவின்றியே ஓடினார். முதல் 200 மீற்றரை 22.2 செக்கன்களிற் கடந்தார். இப்படி ஓடினால் இறுதியில் விழுந்துவிடுவான் என்று ஓட்டமறிந்தோர் எண்ணினர். அவர் விழவில்லை, தலை பின்னே சாய்ந்தது, வேகம் கூடியது. 47.6 செக்கன்களில் முடித்துத் தங்கப்பதக்கமும் புதிய ஒலிம்பிக் சாதனையும் பெற்றார். ஃபிச் 48.4 செக்கன்களில் இரண்டாவதாக வந்தார்.

யூலை 17ஆந் திகதி எடின்பரோவிலே பட்டமளிப்பு விழா. விஞ்ஞானப் பட்டம் பெற வந்த எரிக்குக்குச் சர்வகலாசாலைத் தலைவர் சேர் அல்பிரட் யூயிங், பண்டைக் கிரேக்க வழக்கப்படி இலைமுடி சூட்டினார். மாணவர் அவரை நாற்காலியில் இருத்தித் தோளிற் சுமந்து வீதிவலம் வந்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

சீனத்திலே ஆசிரியர்

இந்த இடத்திலே நம் இளைஞர் ஒருகணம் நிற்றல் வேண்டும். இருபத்திரண்டு வயது, பட்டம் உண்டு, நாடு முழுதும் அறிந்த முகம். இத்தகையோன் என்ன செய்வான்? பணமும் பதவியும் தேடி வரும். அடுத்த ஒலிம்பிக்கும் காத்திருக்கும். எரிக் ஓராண்டு சமயக் கல்வி கற்றார். 1925ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துப் போட்டியிலே 100, 220, 440 யார் ஓட்டங்கள் மூன்றிலும் வென்றார். அவ்வாண்டிலேயே சீனத்துக்குப் புறப்பட்டார். புகையிரத நிலையத்திலே வழியனுப்பப் பெருங்கூட்டம் திரண்டது.

தாம் பிறந்த தியன்சின் நகரிலே ஆங்கிலோ சீனக் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் கடமையேற்றார். அந்நகரின் மின்யுவான் விளையாட்டரங்கு அமைவதற்கும் ஆலோசனை கூறி உதவினார். 1932ஆம் ஆண்டிலே பாதிரியாராக அபிஷேகம் பெற்றார். 1934ஆம் ஆண்டிலே, கனடா தேசத்து மிஷனரி குடும்பமொன்றிற் பிறந்த புளோரன்ஸ் மக்கன்சி என்பாரை மணந்தார். இல்லறம் இனிது நடந்தது. பெண்மக்கள் இருவர் பிறந்தனர்.

போர்நிலத்திலே

1937ஆம் ஆண்டில் யப்பானியப் படை வடசீனத்திலே பரவியது. அவ்வேளையிலே மிஷன் சங்கம் அவரைச் சியாவோசாங் கிராமத்துக்கு அழைத்தது. அங்கே தமையனார் ரொபேட் வைத்தியராக இருந்தார். தம் பணி கற்பித்தலே என்று எண்ணிய எரிக் நெடுநாள் சிந்தித்த பின்னரே உடன்பட்டார். அபாயங் கருதி மனைவி மக்கள் தியன்சினிலேயே இருக்கவேண்டியதாயிற்று.

ஒருபுறம் யப்பானியர், மறுபுறம் சீனப்படைகள், இடையிலே கொள்ளைக்காரர். கிராமத்து ஏழைகளே எல்லோருக்கும் இரை. எரிக் நடந்தும் சைக்கிளிலும் ஊரூராகச் சென்றார். ஒருமுறை பாழடைந்த கோயிலொன்றிலே காயமுற்ற ஒருவன் கிடப்பதாகக் கேள்வியுற்றார். யப்பானியருக்கஞ்சி எவரும் அவனைத் தம் வீட்டிற் சேர்க்கவில்லை. எரிக் மாட்டுவண்டி ஒன்றுடன் சென்று அவனை ஏற்றினார். திரும்பும் வழியிலே, வாளால் கழுத்து வெட்டுண்டும் உயிர் போகாத இன்னொருவன் இருப்பதை அறிந்து அவனையும் ஏற்றிக்கொண்டார். வைத்தியசாலையிலே முதல்வன் இறந்தான். கழுத்து வெட்டுண்டவன் பிழைத்தான். அவன் ஓர் ஓவியன். நன்றியறிதலாகப் பூவொன்றை வரைந்து எரிக்குக்கு அளித்தான்.

1941ஆம் ஆண்டிலே நிலைமை முற்றியது. கருவுற்றிருந்த மனைவியையும் மக்களிருவரையும் கனடாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, தாம் பின்னர் வருவதாக எரிக் தங்கினார். மூன்றாவது மகள் கனடாவிலே பிறந்தாள். அக்குழந்தையின் முகத்தை அவர் காணவேயில்லை. தம் தந்தையைப் பிரிந்து வளர்ந்த பிள்ளை, தாமும் பிள்ளைகளைப் பிரிந்த தந்தையானார்.

சிறைமுகாமும் மற்றொரு ஞாயிறும்

1943ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே யப்பானியர் அவரை ஷாந்துங் மாகாணத்து வெய்சியன் தடுப்பு முகாமுக்குக் கொண்டு சென்றனர். முன்னர் மிஷன் வளவாக இருந்த அச்சிறிய இடத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்நிய நாட்டினர் அடைக்கப்பட்டனர். வணிகர், பாதிரிமார், கன்னியர், களியாட்டக்காரர் என எல்லாத் தரத்தினரும் ஒரே குழாயில் தண்ணீர் எடுத்து, ஒரே வரிசையில் உணவுக்கு நின்றனர். மற்றொரு நகரிலிருந்து பள்ளிப்பிள்ளைகளும் பெற்றோரின்றி அங்கே கொண்டுவரப்பட்டனர்.

எரிக் அவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தார். பாடநூல் இல்லாமையால் இரசாயன நூலொன்றைத் தம் நினைவிலிருந்தே கையால் எழுதினார். முதியோருக்குத் தண்ணீர் சுமந்தார். உடைந்த ஹொக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துச் சுற்றித் திருத்தினார். பிள்ளைகள் அவரை எரிக் மாமா என்றே அழைத்தனர்.

இனி நாம் முதலிற் குறிப்பிட்ட மற்றொரு ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் எரிக் விளையாட்டு நடத்தமாட்டார் என்பது முகாம் அறிந்த விடயம். ஆனால் வேலையின்றி அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கு ஞாயிறு நெடியது. அவர்கள் தாமே ஹொக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இல்லாத ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலே நடுவராக நின்றவர் எரிக் லிடல்!

உலகமே வேண்டியும் தங்கப்பதக்கத்துக்காக மீறாத நியமத்தை, ஒருவரும் கேளாமலே, சண்டையிட்ட சில பிள்ளைகளுக்காக அவர் மீறினார். இது தளர்ச்சியா? அன்று. பாரிசிலே ஓடியிருந்தால் பெருமை தமக்கு. முகாமிலே நின்றதனால் தமக்கு வந்தது யாதும் இல்லை. தம் நலத்துக்காக விதியை வளைத்தல் வேறு. பிறர் நலத்துக்காகத் தம் விரதத்தையே கொடுத்தல் வேறு. முன்னையதை ஒருநாளும் செய்யாதவரே பின்னையதைச் செய்யும் தகுதியுடையார் என்பது நம் துணிபு.

1945ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவருக்குத் தலைவலி அதிகரித்தது. அளவுக்கு மீறிய வேலையால் வந்த சோர்வு என்றே கருதினர். பெப்ரவரி மாதம் 21ஆந் திகதி மனைவிக்குக் கடிதம் எழுதினார். அன்றிரவே உயிர் நீத்தார். மூளையிலே கட்டி இருந்தமை பின்னரே தெரிந்தது. வயது 43. ஆறு மாதங்கழித்து, ஓகஸ்ட் 17ஆந் திகதி முகாம் விடுதலையடைந்தது. இறப்பதற்குச் சிறிது காலம் முன் தம் பழைய ஓட்டச் சப்பாத்தை முகாமிலிருந்த ஓர் இளைஞனுக்கு அவர் கொடுத்திருந்தார். பகைவருக்காகவும் பிரார்த்திக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அவ்விளைஞன் பிற்காலத்திலே யப்பான் தேசத்துக்கே சென்று ஊழியஞ் செய்தான்.

அவரைப் புதைத்த இடத்திலே நட்டது ஒரு சிறு மரச்சிலுவை. பெயர் எழுத மை இல்லாமையாற் சப்பாத்துப் பூச்சினால் எழுதினர். காலத்தில் அதுவும் மறைந்தது. 1991ஆம் ஆண்டிலே எடின்பரோ சர்வகலாசாலையினர் ஸ்கொத்லாந்தின் மல் தீவிலிருந்து கருங்கல் கொண்டு சென்று அவ்விடத்திலே நாட்டினர்.

நாம் கொள்ளத்தக்கது

எரிக் சீனத்துக்குச் சென்றது தம் மதத்தைப் போதிக்கவே. அதனை மறைத்தல் நேர்மையன்று. மிஷனரிமாரின் மதமாற்ற முயற்சியால் நம் சமூகம் பட்ட துன்பத்தைப் பெரியோர் மறந்திலர், இளைஞரும் மறத்தலாகாது. ஆனால் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் வழியை நோக்குவோம். மிஷன் பாடசாலையிலே கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைநின்ற அப்பெருமான், அங்கே கண்ட ஒழுங்கையும் முயற்சியையும் தம்மவருக்காகக் கொண்டு 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மாற்றாரிடத்துள்ள நல்லதைக் கொண்டு தம் சமயத்தை வளர்த்தார். நாமும் அவ்வாறே கொள்வோம்.

எரிக்கின் ஞாயிறு போல நமக்கும் வெள்ளியும் விரதநாட்களும் உண்டு. பரீட்சை வந்தால் விரதம் போகின்றது. ஞாயிறு காலையிலே அறநெறி வகுப்பிலே சில பிள்ளைகளும், ரியூசன் வகுப்பிலே பல பிள்ளைகளும் இருப்பதைக் காண்கின்றோம். பிள்ளைகளை மாத்திரம் குறைகூறுதல் தகாது, அனுப்புவோர் பெற்றோரே. புள்ளிகளுக்காக முதலில் விடப்படுவது சமயமாயின், அச்சமயம் அப்பிள்ளைக்கு வேண்டியபோது எங்கிருந்து வரும்? அதேவேளையில், விரதமும் ஆசாரமும் காப்போருக்கும் ஒரு கேள்வி உண்டு. அயல்வீட்டிலே பசித்த பிள்ளையும் அழுகின்ற முதியோரும் இருக்கையில், நம் ஆசாரம் அவர்களுக்குக் கதவைத் திறக்கின்றதா, அடைக்கின்றதா?

இளைஞரே, தன்னலத்துக்காக நியமத்தை விடாதீர். பிறர் துயரத்தின் முன் நியமத்தையே சாட்டாக்காதீர். இவ்விரண்டையும் ஒருங்கே காத்தல் அரிது. காத்துக் காட்டிய ஒருவர் வாழ்ந்தார் என்பதை அறிதல் நமக்குத் துணையாகும். அன்னாரின் புகழ் வாழ்க.